டர்போ காருக்கு ‘ஆயில் கேட்ச் கேன்’ தேவையா? மாட்டும் முன் இதைப் படிங்க!

‘டர்போ பெட்ரோல் கார் எடுத்துட்டீங்களா? முதல் வேலையா ஆயில் கேட்ச் கேன் மாட்டிடுங்க பாஸ்!’ - கார் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி கண்ணில் படும் அட்வைஸ் இது. பானட்டுக்குள் பளபளவென்று நிற்கும் அந்தச் சின்ன அலுமினிய டப்பா பார்க்க அழகுதான். ஆனால், எல்லா டர்போ காருக்கும் அது தேவையில்லை. தேவைப்படும் காரிலும், அதை அடிக்கடி திறந்து காலி செய்யும் பொறுமை இல்லாதவர்கள் மாட்டாமல் இருப்பதே நல்லது.

அது என்னதான் செய்கிறது?

பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். ‘ப்ளோ-பை’ என்று இதற்குப் பெயர். புது இன்ஜினிலும் இது உண்டு. டர்போவில் அழுத்தம் அதிகம் என்பதால் இதுவும் அதிகம். வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

பழைய வண்டிகளில் இந்த வாயு ஒரு குழாய் வழியே நேராக ரோட்டுக்குப் போகும். காற்று மாசு காரணமாக, 1960-களில் அமெரிக்காவில் அதை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கும் ‘பிசிவி’ முறை பரவலானது. இன்று நம்ம ஊர் கார்களிலும் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த வாயுவோடு ஆயிலும் பனிப்புகை மாதிரி சேர்ந்து போகிறது. இன்டர்கூலரிலும் இன்டேக் வால்விலும் படிகிறது. கேட்ச் கேன் இடையில் நின்று அந்த ஆயிலைப் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான்.

யாருக்குப் பயன்?

சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படுவதால், படியும் ஆயிலை அதுவே கழுவிவிடும். ஹூண்டாயின் 1.0 டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. வால்வைக் கழுவ ஆளில்லை, கரி படிகிறது. கேட்ச் கேனுக்கு உண்மையான வேலை இங்கேதான். அதுவும் கரி சேரும் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே படிந்ததை அகற்றாது.

மாட்டுவதென்றால் எப்படி?

* உள்ளே தடுப்புத் தகடும் வலையும் இருக்கும் கேனை வாங்குங்கள். வெறும் டப்பாவில் ஆயில் நிற்காது. வந்த வழியே போய்விடும்.

* பெரும்பாலான டர்போ இன்ஜின்களில் இந்த வாயுவுக்கு இரண்டு வழிகள். லேசாக ஓட்டும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட் ஏறியதும் பிசிவி வால்வு மூடிக்கொள்ள, டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்குப் போகும். ஒரு வழியில் மட்டும் மாட்டினால் பாதி வேலைதான் நடக்கும்.

* ஆயிலையும் சூட்டையும் தாங்கும் ஹோஸ் வேண்டும். தண்ணீர் டியூப் வேண்டவே வேண்டாம். ஹோஸ் மடங்கினால் அழுத்தம் ஏறும். கிளாம்ப் தளர்ந்தால் கணக்கில் வராத காற்று புகுந்து ‘செக் இன்ஜின்’ விளக்கு எரியும்.

* டர்போவின் சூட்டிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். கேன் குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆயில் ஆவி துளியாக மாறும்.

* வெளியேறும் குழாயை இன்டேக்குடன் இணைக்காமல் திறந்து விடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பிஎஸ்6 விதிப்படி கிராங்க்கேஸ் வாயு வெளியே வரவே கூடாது.

காலி செய்வது யார்?

முதல் 1,000 கி.மீ. ஓடியதும் திறந்து பாருங்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்து அடுத்த முறையை முடிவு செய்யுங்கள். தினமும் குறைந்த தூரமே ஓடும் காரில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்து காபி நிறத்தில் இருக்கும்; பதற வேண்டாம். ஆனால் கூலன்ட்டும் குறைந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சேர்ந்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றக் கூடாது. சாக்கடையிலும் கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மறந்துபோய் கேன் நிரம்பிவிட்டால், எதைத் தடுக்க மாட்டினோமோ அந்த ஆயில் மொத்தமாக இன்ஜினுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது.

வாரன்ட்டியையும் மறக்காதீர்கள். பிசிவி குழாயில் கை வைத்தபின் டர்போவிலோ சீலிலோ கோளாறு வந்தால், ‘நீங்க மாத்தினதாலதான் சார்’ என்று சொல்ல சர்வீஸ் சென்டருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அதனால், வாரன்ட்டி இருக்கும்வரை, ஆபீஸுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காருக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் சரியான கிரேடு ஆயிலை, டிராஃபிக்கில் அதிகம் நிற்கும் கார் என்றால் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுங்கள். வாரன்ட்டி முடிந்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார், அதை நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் எண்ணம், மாதம் ஒருமுறை பானட்டைத் திறக்கும் பழக்கம் - மூன்றும் இருந்தால் தாராளமாக மாட்டலாம்.