மாற்று வழியை மறைத்து வாங்கும் கையெழுத்து

சென்னையிலும் கோவையிலும் அழகு அறுவை சிகிச்சை நிலையங்கள் மார்பக அறுவை சிகிச்சைக்குத் தள்ளுபடி அறிவிக்கின்றன. மாதத் தவணையில் கட்டலாம் என்கின்றன. 'முன்', 'பின்' படங்களை இன்ஸ்டாகிராமில் அடுக்குகின்றன. இதைக் கண்டிக்கிறோம். அந்த விளம்பரத்தை நம்பி உள்ளே போகும் பெண்ணுக்கு அங்கே நேர்வதை இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறோம். பல இடங்களில் அவரிடம் முதலில் பேசுபவர் மருத்துவர் அல்ல. 'கவுன்சிலர்' என்ற பெயரில் அமர்த்தப்பட்ட விற்பனை ஊழியர். மார்பகத்துக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் எந்த அளவு, எந்த நிறுவனத்துடையது, முன்பணம் எவ்வளவு என்றுதான் பேச்சே தொடங்குகிறது. இம்ப்ளான்ட் தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பிள்ளை பெற்றுப் பாலூட்டிய பிறகோ, உடல் எடை வெகுவாகக் குறைந்த பிறகோ வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அளவு குறை அல்ல, தொய்வுதான் குறை. மார்பகத்தின் அடிமடிப்புக்குக் கீழே காம்பு இறங்கியிருந்தால், இம்ப்ளான்ட் மட்டும் வைத்து அதைத் தூக்கிவிட முடியாது. அதன் எடை நாளடைவில் தொய்வைக் கூட்டவும் செய்யும். அவருக்குப் பொருந்துவது, மிகுதியான தோலை அகற்றி வடிவமைக்கும் உயர்த்தல் சிகிச்சை. அதில் தழும்பு அதிகம்: காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழ்நோக்கி, சிலருக்கு அடிமடிப்பு நெடுகிலும் விழும். தழும்பை ஏற்பதா, தொய்வோடு இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண். சின்னத் தழும்பு என்று ஆசை காட்டி, பயன்படாத இம்ப்ளான்டை அவர் தலையில் கட்டுவது வஞ்சகம்.

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்து மார்பகத்தில் செலுத்தும் முறையை 'இயற்கையானது' என்று விற்கிறார்கள். செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும். மறுமுறை செய்ய நேரலாம். எஞ்சும் கொழுப்புக் கட்டிகளும் சுண்ணாம்புப் படிவுகளும் பின்னாளில் மாமோகிராமில் புற்றுநோயோ என்ற ஐயத்தைக் கிளப்பி, ஊசி குத்தித் திசு எடுக்கும் சோதனை வரை கொண்டுபோகலாம். மார்பகக் குறைப்பின் கதை வேறு. கழுத்துவலி, தோளில் உள்ளாடைப் பட்டை அழுந்திய பள்ளம், அடிமடிப்பில் ஆறாத புண் என்று உண்மையாகவே அவதிப்படும் பெண்களுக்கு அது நிவாரணம். ஆனால் பிற்பாடு பாலூட்டும் திறன் குறையலாம் என்பதைக் கல்யாணமாகாத பெண்ணிடம் ஒளிக்கக் கூடாது.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுதும் வரும் பொருள் அல்ல. உப்புநீர் நிரப்பியது கிழிந்தால் மார்பகம் சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். சிலிக்கான் கிழிந்தால் வெளியே தெரியாமலே போகலாம். அதனால்தான், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பரிந்துரைக்கிறது. இங்கே நீட்டப்படும் விலைப்பட்டியலில் அந்தச் செலவைத் தேடிப் பாருங்கள்.

பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத்துக்கு ஒவ்வாத தொழிற்சாலை சிலிக்கானை இம்ப்ளான்டுகளில் நிரப்பி, பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடலுக்குள் அனுப்பியது. 2010இல் குட்டு வெளிப்பட்டது. 2013 டிசம்பரில் நிறுவனர் ழான்-குளோத் மாஸுக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான 'பயோசெல்' இம்ப்ளான்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற நேர்ந்தது. இம்ப்ளான்டோடு தொடர்புள்ள அரிய நிணநீர்ப் புற்றுநோயால் 573 பேர் பாதிக்கப்பட்டதாகவும், 33 பேர் இறந்ததாகவும் எஃப்.டி.ஏ. அப்போது அறிவித்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் இருந்தவை அலர்கன் தயாரிப்புகள். தனக்குள் இருப்பது எந்த வகை என்று எழுத்தில் இல்லாத பெண், இப்படியொரு செய்தி வரும்போது யாரிடம் போய்க் கேட்பார்?

அழகாக இருக்க விரும்புவது பெண்ணின் உரிமை. அதில் நமக்கு மறுப்பில்லை. அந்த விருப்பத்தை முதலாக்கிக்கொள்பவர்களைத்தான் சாடுகிறோம். சிகிச்சையின் தன்மை, அதன் முக்கிய அபாயங்கள், மாற்று வழிகள் ஆகியவற்றைச் சொல்லிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்று, நோயாளியின் ஒப்புதல் பற்றிய சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008லேயே தீர்ப்பளித்துவிட்டது. நோயாளிகளை விளம்பரம் செய்து இழுப்பதை மருத்துவ நெறிமுறை விதிகள் 2002 முதல் தடுக்கின்றன. மார்பக வடிவத்தை மாற்றுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை உண்டு. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

பிரிட்டனில் 2016 முதல், அறுவை செய்யும் மருத்துவரே பேசி ஒப்புதல் பெற வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2023 முதல் பொதுமருத்துவரின் பரிந்துரையும், ஒப்புதலுக்குப் பின் குறைந்தது 7 நாள் காத்திருப்பும் கட்டாயம். இங்கேயோ, ஏழைப் பெண்ணுக்கும் இந்தச் சிகிச்சை கிடைக்கட்டும் என்று 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதை இலவசமாகத் தொடங்கியது தமிழக அரசு. காசு கொடுத்துச் செய்துகொள்ளும் பெண் ஏமாறாமல் காப்பது மட்டும் அதன் வேலை இல்லையா?

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தள்ளுபடி விளம்பரம் செய்யும் மருத்துவர்களுக்கு உடனே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உயர்த்தல், குறைப்பு, கொழுப்பு, இம்ப்ளான்ட், எதுவுமே செய்யாமலிருப்பது ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டுத் தமிழில் எழுதிய படிவத்தை, முன்பணம் வாங்கும் முன்பே, அறுவை செய்யப்போகும் மருத்துவர் தம் கையால் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும். இதுவரை இம்ப்ளான்ட் பொருத்திய நிலையங்கள், அந்தப் பெண்கள் கேட்டு வரும்வரை காத்திராமல், நிறுவனம், வகை, வரிசை எண், பொருத்திய தேதி ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பாத நிலையத்தின் பதிவை ரத்து செய்ய வேண்டும்.