எந்த ரோட்டுல போகலாம்?

மழைக்காலத்தில் எங்கள் வானொலிக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்பது இதுதான்: “தம்பி, எந்த ரோட்டுல போகலாம்?”

ஆற்றைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடலாம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ இணையத்தளத்தில் எந்த ஆறு வஸ்பாடா, எது அமாரான், எது பஹாயா என்று பார்க்கலாம். பஹாயா வந்த பிறகு பெட்டி கட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்! அமாரான் என்றதுமே காரை மேட்டில் நிறுத்துங்கள்.

ரோடு வேறு கதை. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. தோட்டத்துச் சிறு பாலமும் லயத்துக்குப் பின்னால் போகும் செம்மண் பாதையும் அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். மீட்புப் படகோடு வருகிறவருக்குத் தெரியாது.

2015 சென்னை வெள்ளத்தில் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற இலவச வரைபடத்தை அடிப்படையாக வைத்து, மூழ்கிய தெருக்களை மக்களே குறித்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் கணக்குத் தொடங்கி, விடுபட்ட பாதையை, பாலத்தை, கோயில் மண்டபத்தைச் சேர்க்கலாம். நிலையாக இருப்பதை மட்டும். இன்றைய வெள்ளத்தை அதில் போடாதீர்கள்.

கோத்தா திங்கிக்காரர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2006 டிசம்பர் வெள்ளம் சுவரில் எதுவரை ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, படம் எடுத்து, தாமான் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்களுக்கு நடுவே போட்டு வையுங்கள்.