லண்டன் புகை நமக்கெதற்கு?

நீராவி யுகத்தைக் களமாக்கிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டைத் தமிழில் அமைக்க உட்கார்ந்தால், நம்மவர் கை முதலில் எட்டுவது லண்டன் மூடுபனியையும் பித்தளை மூக்குக்கண்ணாடியையும்தான். 'ஸ்டீம்பங்க்' என்பது 1987இல் கே. டபிள்யூ. ஜெட்டர் பாதி வேடிக்கையாக இட்ட பெயர், வேதவாக்கன்று. மீஞ்சூரில் இருந்துகொண்டு இரவல் புகை எதற்கு என்றே கேட்கிறோம்.

செங்குன்றத்தில் 1837இலேயே, பம்பாய் ரயிலுக்குப் பதினாறாண்டுகள் முன்னர், சாலைக் கல் சுமக்க இருப்புப்பாதை போடப்பட்டது. முன்னின்றவர் ஆர்தர் காட்டன். ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதன் சென்னை நகரக் கண்டம் தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) பட்டினிக் கூலிகள் வெட்டியது. நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென 1877இல் அளந்தவர் ரிச்சர்ட் டெம்பிள். அந்த ஒரு பவுண்டை அப்படியே விளையாட்டு விதியாக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி எப்படிக் கரைகிறதென்று பார்க்கலாம்.

பஞ்சத்தை விளையாட்டாக்குவதா என முகம் சுளிப்போர் உண்டு. பஞ்சகாலத்து ஆட்சியின் தொப்பியையும் உடுப்பையும் விளையாட்டாக்கியபோது அந்த முகங்கள் சுளிக்கவில்லையே!

வடசென்னை அனல்மின் நிலையத்தில் இன்றும் நிலக்கரிதான் எரிகிறது, நீராவிதான் சுழலியைச் சுற்றுகிறது. எங்கள் ஆட்டத்தின் முதல் காட்சியை அதன் சாம்பல் குளத்தருகே வைத்திருக்கிறோம்.