நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்ற வான்பாதை

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானியத் தலைநகர் டோக்கியோவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர். 2022 பெப்ரவரி வரை பயணிகள் விமானங்கள் இத்தூரத்தைச் சுமார் ஒன்பதரை மணித்தியாலங்களில் கடந்து வந்தன. அதன் பின்னர் அதே பயணத்துக்கு ஏறக்குறைய 13 மணித்தியாலங்கள் தேவைப்படுகின்றன. விமானங்களின் வேகம் குறைந்துவிடவில்லை. இடையிலுள்ள ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டமையே இதற்குக் காரணமாகும்.

உக்ரைன் மீதான படையெடுப்பை அடுத்து ஐரோப்பிய ஒன்றியம் தனது வான்பரப்பில் ரஷ்ய விமானங்களுக்குத் தடை விதித்தது. பெப்ரவரி 28ஆம் திகதி ரஷ்யா 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தனது வானை மூடிப் பதிலடி கொடுத்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வானில் முழுமையான இறைமை உண்டு என்பதை 1944ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆதலால் சுற்றிச் செல்வதைத் தவிர விமான நிறுவனங்களுக்கு வேறு மார்க்கமில்லை.

நாம் இங்கு நினைவுகூர வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் சென்ற மேலைநாட்டு விமானங்கள் பல, அலாஸ்காவின் அங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 1983இல் பின்எயார் நிறுவனம் வடதுருவத்தின் ஊடாக எங்கும் தரிக்காமல் டோக்கியோவைச் சென்றடைந்தபோது அது பெரும் சாதனையாகக் கருதப்பட்டது. அன்று எடுத்த நேரமும் சுமார் 13 மணித்தியாலங்களே! அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, வழிதவறிச் சோவியத் வானில் நுழைந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் உயிரிழந்தனர். 1980களின் இறுதியிலேயே சைபீரியப் பாதை படிப்படியாக அகலத் திறந்தது. அதற்கென ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவின் ஏரோபுளொட்டுக்குக் கட்டணமும் செலுத்தி வந்தன.

இக்குறுகிய பாதையை நம்பியே பின்எயார் தனது ஆசிய வர்த்தகத்தைக் கட்டியெழுப்பியது. பாதை மூடப்பட்டதும் தனது பெரிய விமானங்களில் சிலவற்றைக் குவாண்டாஸ் போன்ற வேற்று நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் நிலைக்கு அது தள்ளப்பட்டது. துருவத்தைக் கடக்கும் பயணிகளுக்கு நினைவுச் சான்றிதழ் வழங்கியும் பார்த்தது. ஆனால் மேலதிக எரிபொருளின் விலையைச் சான்றிதழ் ஈடுசெய்யாது.

எமது பிராந்தியத்துக்கும் இது புதிதல்ல. 1971 பெப்ரவரியில் இந்தியா தனது வானைப் பாகிஸ்தானுக்கு மூடியபோது, கராச்சியிலிருந்து டாக்கா சென்ற விமானங்கள் கொழும்பு வழியாக ஏறத்தாழ இருமடங்கு தூரம் பறக்க நேர்ந்தது.

ரஷ்யாவுக்கு எதிரான ஐரோப்பாவின் முடிவை நாம் குறைகூறவில்லை. எனினும் அதன் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. சீன நிறுவனங்கள் சைபீரியா மேலாகவே ஐரோப்பிய நகரங்களுக்குப் பறந்து, நேரத்தையும் எரிபொருளையும் மீதப்படுத்துகின்றன. தனது நாட்டுக்கு வரும் சீன விமானங்கள் ரஷ்ய வானைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2025 ஒக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் பிரேரித்தது. ஐரோப்பா அவ்வழியைப் பின்பற்றினால் போட்டி சமமாகலாம். ஹெல்சிங்கியில் விமானமேறுபவரின் பயணமோ ஒரு நிமிடமேனும் குறையப் போவதில்லை.