அனுமதிப்பத்திரம் போதும், முதலாளி வேண்டாம்

பணம் தூயதாக்கல் தொடர்பான ஆசிய பசிபிக் குழுவின் மூன்றாவது பரஸ்பர மதிப்பீட்டுக்கு 2026 மார்ச் என்று நாள் குறிக்கப்பட்டதிலிருந்து, காணித் தரகர்மேல் கொழும்புக்குத் திடீர் அக்கறை பிறந்திருக்கிறது. 2017 ஒக்டோபரில் நாடு சாம்பல் பட்டியலில் விழுந்ததும், 2019 ஒக்டோபரில் வெளியே வந்ததும் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. அந்த இடைவெளியில், 2018 ஜனவரியில், வர்த்தமானியில் வந்தவைதான் நிதிசாரா வியாபாரங்களுக்கான வாடிக்கையாளர் உரிய விழிப்புக்கவன விதிகள். மாணிக்கக்கல் வியாபாரி, சட்டத்தரணி, நொத்தாரிசு ஆகியோரோடு ஆதன முகவரும் அந்த வரிசையில் நிறுத்தப்பட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் அந்த வரிசையை எண்ணிப் பார்க்கிறார்கள்.

விதிகள் கேட்பவை தெளிவானவை. வாங்குபவர் யார், அவருக்குப் பின்னால் இருப்பவர் யார், காசு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். பதிவேடுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். இணக்க அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். தவறினால், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம். மறுபடியும் தவறினால் இரட்டிப்பு.

கொழும்பில் தொடர்மாடி விற்கிற நிறுவனத்துக்கு இது ஒரு மேசையும் ஓர் அலுவலரும் கூடுதலாக வைக்கிற வேலை. ஹேவாஹெட்டவில் தனியாகத் தொழில் செய்பவருக்கோ? அவரே தரகர், அவரே சாரதி, அவரே கணக்காளர். இனி அவரே தன்னை இணக்க அதிகாரியாகவும் நியமித்துக்கொண்டு, தன்னைத்தானே கண்காணிக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்கிற அரசு, தரகர் யார் என்பதை இன்னும் சொல்லவில்லை. நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டின் அளவைச் சட்டமும் காணி அளவைச் சபையும் இருக்கின்றன. நொத்தாரிசுக்கு 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மதிப்பீட்டாளருக்கு அவர்களுடைய நிறுவகம் இருக்கிறது. ஒரு காணி கைமாறும்போது அதைத் தொடுகிற எல்லோருக்கும் ஏதோவொரு பதிவு உண்டு. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கிறவருக்கு மட்டும் இல்லை. மிஞ்சினால் பிரதேச செயலகத்தில் ஒரு வியாபாரப் பெயர்ப் பதிவு. அந்தத் துண்டு மரக்கறிக் கடைக்கும் கிடைக்கும்.

ஆகவே அனுமதிப்பத்திரம் வர வேண்டும் என்பதில் இவ்விதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது யார் பெயரில் வரும் என்பதுதான் கேள்வி. ஆதனத் துறைக்கு ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சிங்கப்பூர் எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே 2010ஆம் ஆண்டின் முகவர் சட்டப்படி, விற்பனையாளர் ஒவ்வொருவரும் அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ்தான் பதிவுபெற முடியும். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் இருக்க முடியாது. அமெரிக்க மாநிலங்களிலும் புதிதாக வருபவர் முதலில் ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். கட்டுப்படுத்துகிறவருக்கு இந்த முறை வசதியானது. ஆயிரம் பேரைத் தேடி அலையாமல் பத்து நிறுவனங்களைப் பிடித்தால் போதும்.

தமிழ்நாட்டில் வேறு வழி. 2016ஆம் ஆண்டின் ஆதன ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தனிநபரைத் தன் சொந்தப் பெயரிலேயே முகவராகப் பதிவு செய்ய விடுகிறது. மகாராஷ்டிரம் 2023இல் அதற்குமேல் பயிற்சியையும் பரீட்சையையும் கட்டாயமாக்கியது. ஆனால் இந்தியச் சட்டம் பதிவுபெற்ற திட்டங்களை விற்பவரைத்தான் பிடிக்கிறது. ஒருவர் தன் பழைய வீட்டையோ பரம்பரைக் காணியையோ விற்கும்போது இடையில் நிற்கிற தரகர் அதற்குள் வரமாட்டார். நம் மலைப்பகுதியில் நடக்கிற விற்பனைகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். இரண்டு சட்டங்களில் எதையும் அப்படியே பெயர்த்து எழுதிவிட முடியாது.

ஹேவாஹெட்டவை எடுத்துக்கொள்வோம். பாத ஹேவாஹெட்ட கண்டி மாவட்டம். உட ஹேவாஹெட்ட ஹங்குரன்கெத்தவோடு நுவரெலியா மாவட்டம். தலாத்துஓயாப் பக்கத்துக் காணிக்குக் கண்டிப் பதிவகத்தில் தேட வேண்டும். ரிக்கிலகஸ்கடப் பக்கத்துக் காணிக்கு நுவரெலியாவுக்குப் போக வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரவைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஒரே பார்வைக்குள் நான்கு வகைக் காணி தெரியும்: சுத்தமான உறுதிக் காணி, 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, காணி மறுசீரமைப்பு ஆணைக்குழுவுக்குப் போன காணி, தோட்டக் காணி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் சரிந்த பிறகு, எந்தச் சரிவில் கட்டடம் கட்டலாம் என்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் பார்க்க வேண்டும். எந்த வேலிக்கு அந்தப் பக்கம் அரச காணி தொடங்குகிறது, எந்த ஒழுங்கையில் வழியுரிமைத் தகராறு என்பதெல்லாம் உள்ளூர்த் தரகரின் தலைக்குள் இருக்கிறது. கண்டியிலோ கொழும்பிலோ இருக்கிற நிறுவனத்தின் கோப்பில் அது இல்லை. அவரை அந்த நிறுவனத்தின் ஊழியராக்கிவிட்டால், அறிவு அவருடையதாகவும் கொமிஷன் நிறுவனத்துடையதாகவும் ஆகும்.

இவ்விதழ் நெடுங்காலமாகச் சொல்லிவருகிற விடயமும் இங்கேதான் வந்து சேர்கிறது. உரிமையாளர் தரகருக்குத் தரும் எழுத்துமூல நியமனம்.

60 இலட்சம் ரூபாய்க்கு 20 பேர்ச் காணி ஒன்று விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்கப்போகிற செய்தி முதலில் தேநீர்க் கடைக்கு வரும். கடைக்காரர் முச்சக்கரவண்டிக்காரரிடம் சொல்வார். அவர் தலாத்துஓயாத் தரகரிடம். அவர் கண்டித் தரகரிடம். கண்டிக்காரர்தான் வெளிநாட்டுக் காசு வைத்திருக்கிற குடும்பத்தைக் கூட்டிவருவார். வழக்கமான 3 வீதம் என்றால் 1,80,000 ரூபாய். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 45,000. அதே உறுதிக்கு மாகாண சபைக்குப் போகிற முத்திரை வரி, முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக, 2,39,000 ரூபாய். மாகாணத்தின் பங்குக்குச் சட்டம் இருக்கிறது. நொத்தாரிசின் கட்டணம் கையொப்பத்தோடு மேசைக்கு வந்துவிடும். தரகரின் பங்குக்கு மட்டும் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான் என்று சட்டத்தரணி ஆறுதல் சொல்வார். 45,000 ரூபாய்க்காக அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கப் போகிறவர் யார்?

அதனால்தான் தரகர் ஒளிக்கிறார். உரிமையாளரின் பெயரைச் சொல்லமாட்டார், உறுதியின் பிரதியைக் கடைசிவரை காட்டமாட்டார், வாங்குபவரையும் விற்பவரையும் தனியே பேச விடமாட்டார். இதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் தரகர் தொழிலில் வெளிப்படைத்தன்மை இல்லை என்கிறார்கள். வெளிப்படையாக இருந்தால் கொமிஷன் போய்விடும் என்ற நிலையை யார் வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. இந்த நிலைமைக்குள்தான் விழிப்புக்கவன விதி வந்து இறங்குகிறது. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கிற தரகரை வாங்குபவர் இரண்டாம் முறை சந்திப்பாரா? காணியைப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டில் கேட்டால் உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் கிடைக்கும். கையில் 60 இலட்சம், உறுதியில் 35 இலட்சம் என்று எழுதுவது சந்தேகத்துக்குரியது என்று தரகருக்கும் தெரியும். அறிக்கை அனுப்பினால் அந்த ஊரில் அவருக்கு அடுத்த காணி வராது, அனுப்பாவிட்டால் தண்டம்.

விதி எழுதியவர்கள் இந்த வீதியில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்கள். தரகரின் உழைப்பை அங்கீகரிக்க ஒரு சட்டமும் இல்லை. அவருடைய கொமிஷனைப் பாதுகாக்க ஓர் அலுவலகமும் இல்லை. உளவு சொல்ல மட்டும் அவர் வேண்டும். அறிக்கை கேட்கும்போது ஆதன முகவர், கொமிஷன் கேட்கும்போது வெறும் புரோக்கர். இதற்கு ஒழுங்குமுறை என்று பெயர் வைப்பது அதிகாரிகளுக்கே உரிய துணிச்சல்.

அமெரிக்காவில் 2024 ஓகஸ்ட் 17 முதல், வாங்குபவருக்காக வேலை செய்கிற முகவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே எழுத்துமூல ஒப்பந்தம் பெற்றிருக்க வேண்டும். கொமிஷன் தொடர்பான வழக்கொன்றின் சமரசத்தில் வந்த ஏற்பாடு அது. வாங்குபவரைப் பாதுகாக்க வந்த ஏற்பாடு முகவருக்கும் ஆவணமாயிற்று. சிங்கப்பூரைக் காட்டுகிறவர்கள் அங்கே முகவர் ஒப்பந்தத்துக்கு வகுக்கப்பட்ட படிவங்கள் இருப்பதையும் சேர்த்துக் காட்டலாமே. நிறுவனத்தின் கீழ் அடைக்கிற பகுதியை மட்டும் இறக்குமதி செய்வானேன்?

கையொப்பமிட்ட நியமனக் கடிதம் இருந்தால் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதி தானாக வந்துவிடும். விலையும் எழுத்தில் வந்துவிடும். உளவறிதல் பிரிவு கேட்பதில் பாதி அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. தரகர் கேட்பதும் அதில்தான் இருக்கிறது.

மொழியையும் சொல்லிவிட வேண்டும். நொத்தாரிசுக்கு எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்பது அவருடைய நியமனத்திலேயே குறிக்கப்படுகிறது. தரகர்களுக்குப் பரீட்சை வைத்தால் வினாத்தாள், வழிகாட்டி, அறிக்கைப் படிவம் மூன்றும் முதல் நாளிலிருந்தே தமிழிலும் இருக்க வேண்டும். பிறகு மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லும் வாக்குறுதியை மலையகம் போதுமான அளவு கேட்டாயிற்று.

இவ்விதழின் நிலைப்பாடு இது: அனுமதிப்பத்திரம் தனிநபர் பெயரில் வேண்டும். நிறுவனத்தில் சேர்வது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். எழுத்துமூல நியமனமும் அதற்குரிய கொமிஷன் உரிமையும் அதே சட்டத்தில் வேண்டும். தனியாகத் தொழில் செய்பவருக்கு இணக்க அதிகாரிக்குப் பதிலாக எளிய ஓர் அறிக்கை முறை வேண்டும். சட்டம் வரும்வரை வாசகர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த காணியைக் காட்டப் போவதற்கு முன் உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், உறுதி இலக்கம், கேட்கும் விலை, கொமிஷன் வீதம், செல்லுபடியாகும் காலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். மற்றதை ஆறு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள்.