நகையை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் குருத்துப்பூச்சி, புகையான், உரக் கணக்கு என்றுதான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் நான்கு கடிதங்கள் நெல்லைப் பற்றி இல்லை, அரிசி போடும் பையைப் பற்றி. களத்துமேட்டிலேயே விற்றுக் கணக்கு முடித்த காலம் போய், பாக்கெட் போட்டு விற்கும் குடும்பங்கள் டெல்டாவில் பெருகி வருகின்றன என்பதற்கு இது அடையாளம். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் முதல் கடிதத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதனால் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்த மகளிர் குழு. கருப்பு கவுனி, மாப்பிள்ளைச் சம்பா அரிசியை அரைக் கிலோ பாக்கெட்டாக விற்கிறோம். மாதம் 600 கிலோ போகிறது. கோயம்புத்தூர் கண்காட்சியில் ஒரு இயந்திரம் பார்த்தோம். பையை அதுவே செய்து, அரிசியை நிரப்பி, ஒட்டி, தேதியும் அடித்துத் தள்ளுகிறது. விலை 5 லட்சம் ரூபாய். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, நகையை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

மாதம் 600 கிலோ என்றால் அரைக் கிலோ பாக்கெட் 1,200. நீங்கள் பார்த்த வகை இயந்திரம் நிமிடத்துக்கு 20 பாக்கெட் போடுகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,200 பாக்கெட். அதாவது உங்கள் ஒரு மாத வேலை அதற்கு ஒரு மணி நேர வேலை. மீதி நாளெல்லாம் அது துணி போர்த்திக்கொண்டு நிற்கும். கடன் மட்டும் நிற்காது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் 5 லட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய். 1,200 பாக்கெட்டுக்குப் பங்கிட்டால் பாக்கெட்டுக்கு 4 ரூபாய்க்கு மேல் வட்டியே ஆகிறது. அசல், மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் தனி.

இதையே கையால் செய்தால்? எடை போட்டு, நிரப்பி, சீலரில் ஒட்டி, லேபிள் வைக்க ஒரு பாக்கெட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்று கொள்ளுங்கள். 1,200 பாக்கெட்டுக்கு 30 மணி நேரம். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் 5 மணி நேரம்தான். இதற்குத் தேவையான கை சீலர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும்.

இயந்திரத்தைவிடப் பெரிய செலவு ஒன்று அதன் பின்னால் வரும். அதை விற்பவர் கண்காட்சியில் சொல்லியிருக்க மாட்டார். அந்த இயந்திரத்துக்கு அச்சடித்த பிளாஸ்டிக் சுருள் வேண்டும். அந்தச் சுருளைப் பெரும்பாலும் கிராவூர் முறையில் அச்சடிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாக வேண்டுமானால் சில நூறு கிலோ சுருளாவது எடுக்கச் சொல்வார்கள். 300 கிலோ என்றே வையுங்கள். ஒரு பைக்கு ஏழரை கிராம் பிடித்தால் 40,000 பை வரும். உங்கள் விற்பனைக்கு அது 33 மாதச் சரக்கு.

அதற்குள் விலை மாறும், செல்பேசி எண் மாறும், சட்டமும் மாறும். பாக்கெட் மேல் அதிகபட்ச விலையோடு, கிராம் அல்லது கிலோவுக்கு எவ்வளவு என்ற விலையும் போட வேண்டும் என்ற விதி அண்மை ஆண்டுகளில்தான் வந்தது. அது வந்தபோது பழைய அச்சுப் பைகளை மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்கள் ஸ்டிக்கர் ஒட்டியே ஓய்ந்தார்கள்.

கண்காட்சிகள் காட்டும் திசை

அப்படியானால் கண்காட்சிக்குப் போனது வீணா? இல்லை. அங்கே நமக்கு வேண்டியது பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்து அரங்கில் இருக்கிறது.

அச்சுத் தொழிலின் உலகத் திருவிழா ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் நடக்கும் 'துருபா'. 1951இல் தொடங்கியது. 2016க்குப் பிறகு கொரோனாவால் தடைப்பட்டு, 2024 மே 28 முதல் ஜூன் 7 வரை மீண்டும் நடந்தது. நம் நாட்டில் 'பிரிண்ட்பேக் இந்தியா' 2025 பிப்ரவரியில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. இத்தகைய கண்காட்சிகளில் இப்போது தெரியும் போக்குகளில் மூன்று நமக்குப் பொருந்தும்.

முதலாவது, டிஜிட்டல் அச்சு. இதில் சிலிண்டரும் இல்லை, பிளேட்டும் இல்லை. கணினியிலிருந்து நேராக லேபிளுக்கு அச்சு இறங்குகிறது. பெரிய நிறுவனங்கள் ஒரே வடிவத்தை லட்சக்கணக்கில் அடித்த காலம் மாறி, பல வடிவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கியதால் வளர்ந்த இயந்திரம் இது. அவர்களுக்காக வந்தது நமக்கும் பயன்படுகிறது. 500 லேபிள், 1,000 லேபிள் என்றுகூட இன்று அடித்து வாங்கலாம். ஒரு லேபிளின் விலை கிராவூரைவிடக் கூடுதல்தான். ஆனால் 33 மாதச் சரக்கில் பணம் முடங்காது. சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்ததே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத்தான். லேபிள் வேலைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி அச்சகங்களிலும் விசாரித்து, மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள்.

இரண்டாவது, ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்த பை. இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கை அடுக்காக ஒட்டிய பையை மறுசுழற்சி செய்வது கடினம். அதனால் ஒரே வகைக்கு மாறப் பார்க்கிறார்கள். சாதாரணப் பச்சரிசி, புழுங்கல் அரிசிக்கு இதைக் கேட்டு வாங்கலாம். தவிட்டோடு இருக்கும் கவுனிக்கு மட்டும் கவனம் தேவை. தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டால் காறல் வாடை வரும். சாதாரண பாலித்தீன் பை மெல்லக் காற்றை உள்ளே விடும். ஆகவே கவுனிக்கு நைலான் அடுக்கு உள்ள வாக்குவம் பையே நல்லது. காற்று இல்லாததால் கூன்வண்டும் பெருகாது.

மூன்றாவது, காகிதப் பை. பழுப்புக் காகிதத்தில் ஜன்னல் வைத்த பை கண்ணைப் பறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது தாங்குமா என்று பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாத காகிதத்தில் அரிசி ஈரம் இழுக்கும், வண்டும் துளைத்து ஏறும்.

இப்போது செய்ய வேண்டியது

அச்சில்லாத வெறும் பை, டிஜிட்டல் லேபிள், ஒரு சீலர், தொழிலாளர் துறையின் முத்திரை பெற்ற எடைத் தராசு. உங்கள் அளவுக்கு இவ்வளவு போதும். கவுனிக்காக ஒரு சிறிய வாக்குவம் இயந்திரம் சேர்க்கலாம். அரிசியின் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பாக்கெட் போடாதீர்கள். ஈர அரிசியை எந்தப் பையும் காப்பாற்றாது. உள்ளுக்குள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

லேபிளில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, கிராம் கணக்கு விலை, பேக் செய்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, பேட்ச் எண், உங்கள் முழு முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண். தேதி, பேட்ச் எண்ணுக்கு இடம் விட்டு அச்சடித்துக்கொண்டால் அதைக் கை முத்திரையால் அவ்வப்போது போடலாம்.

போடக் கூடாதவையும் இரண்டு உண்டு. 'சர்க்கரை நோய் குணமாகும்' போன்ற வாசகம் கவுனி பாக்கெட்டில் இருக்கக் கூடாது. உணவுப் பொருளில் நோய் தீர்க்கும் என்று எழுதுவது சட்டப்படி தவறு. 'ஆர்கானிக்' என்று எழுதிக் கடைகளுக்குக் கொடுப்பதானால் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாடு விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகுங்கள்.

விற்பனை வளர்ந்து, தினமும் 500, 600 பாக்கெட் என்று வந்தால் அப்போது இயந்திரம் பற்றிப் பேசலாம். அப்போதும் ஆறு பேராக வாங்காமல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் சுமை பிரியும். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. அது வங்கிக் கடனோடு இணைந்தது; கையில் ரொக்கமாக வராது. உங்கள் மாவட்டத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். மானியம் கிடைக்கிறதே என்று வாங்கும் இயந்திரம், மானியம் போக மீதி 65 சதவீதத்துக்கு நம்மிடம் வட்டி கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த முறை கண்காட்சிக்குப் போகும்போது உங்கள் அரிசி ஐந்து கிலோ எடுத்துப் போங்கள். அதையே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நான்கு கேள்வி கேளுங்கள். சுருள் குறைந்தது எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? ஒருமுனை மின்சாரத்தில் ஓடுமா, மும்முனை வேண்டுமா? காற்று அழுத்தும் கம்ப்ரஸர் தனியாக வாங்க வேண்டுமா? பழுதானால் மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கும் முன் செய்து பார்க்கவும் வழி இருக்கிறது. தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில், 1967இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக, நிஃப்டம் தஞ்சாவூர் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே தொழில் முனைவோருக்கான வளர்ப்பு மையம் உள்ளது. கட்டணம் செலுத்தி அங்குள்ள இயந்திரங்களைப் பயன்படுத்துவது பற்றி விசாரியுங்கள். குழுவில் இரண்டு பேராவது ஒருநாள் நேரில் போய் வாருங்கள்.

கேள்வி: கடையில் 25 கிலோ சிப்பத்துக்குப் பதில் 26 கிலோ சிப்பம் வருகிறதே, ஏன்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேற்பட்ட எடைக்கு அந்த வரி இல்லை. அதனால் ஆலைகள் ஒரு கிலோ கூட்டிப் போட்டன. கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கும் இந்த வரி இல்லை. சிறு பாக்கெட் போடும் குழுக்கள், தங்கள் ஆண்டு விற்பனைக்குப் பதிவு தேவையா என்று ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அவல் பாக்கெட்டுக்கு பார்கோடு கட்டாயமா? 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்கிறார்களே? (வலங்கைமான் வாசகர்)

பதில்: உள்ளூர்க் கடைக்கும் சந்தைக்கும் கட்டாயம் இல்லை. பெரிய அங்காடிகளுக்கும் இணைய விற்பனைக்கும் கொடுக்கும்போது அவர்கள் கேட்பார்கள். அப்போது ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பில் முறையாகப் பதிந்து வாங்குங்கள். யாரோ விற்கும் எண்ணை வாங்கி ஒட்டினால் அது வேறொருவரின் பொருளாகக் காட்டும். 890 என்பது அந்த எண்ணை இந்திய அமைப்பு வழங்கியது என்பதை மட்டுமே சொல்லும். பொருள் எங்கே விளைந்தது என்பதைச் சொல்லாது.

கேள்வி: யூரியா பையை நன்றாகக் கழுவிக் காயவைத்து வீட்டு அரிசி போட்டு வைக்கிறோம். தவறா? (பட்டுக்கோட்டை வாசகி)

பதில்: தவறுதான் அம்மா. பையின் நெசவு இடுக்கில் தங்கிய உரம் கழுவினாலும் முழுதாகப் போகாது. மேலே உள்ள அச்சு மையும் உணவுக்காகச் செய்ததல்ல. பூச்சிமருந்து இருந்த பையோ டப்பாவோ என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இட்லி, வடையைச் செய்தித்தாளில் மடிப்பதையும் இதே காரணத்துக்காகத்தான் உணவுப் பாதுகாப்பு விதி தடுக்கிறது. வீட்டு அரிசிக்குப் புதுச் சாக்கு, மூடியுள்ள தகரப் பீப்பாய், இல்லையென்றால் நம் பாட்டிமார் வைத்திருந்த குதிர் போதும். அரிசியை நன்றாகக் காயவைத்து, ஆறவிட்டுப் போடுங்கள்.

பாபநாசம் சகோதரிக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மூன்று மாதம் எத்தனை பாக்கெட் போட்டீர்கள், எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டோடு மறுபடியும் கடிதம் எழுதுங்கள். இயந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போது அந்த எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.