பட்டியலும் இரசனையும்

“இரசனை அவரவர்க்குரியது, அதிலே வாதத்துக்கு இடமில்லை” என்னும் கூற்று நமது வளாகங்களிலே ஏறக்குறைய வேதவாக்காகி விட்டது. கலைத் திரைப்படங்களைப் பார்ப்போரும் மேலைத்தேய றொக் இசைத்தட்டுகளைக் கேட்போரும் தத்தம் விருப்பங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடமெல்லாம் இதனைக் கேட்கலாம். விடுதிச் சுவரிலே ஒருவர் தமக்குப் பிடித்த பத்துத் திரைப்படங்களின் பெயர்களை எழுதி ஒட்டுகிறார். அடுத்த அறையினர் போட்டியாகப் பத்து இசைத்தட்டுகளின் பெயர்களை ஒட்டுகிறார். தார்க்கோவ்ஸ்கி, பேர்க்மன், பிறெஸ்ஸோன், ஓசு. மறுபுறத்தே பிங்க் புளொயிட், லெட் செப்பலின், டோர்ஸ். ஏன் பிடித்தது என்று எவராவது வினவினால், மேற்படி வேதவாக்கு கேடயமாக உயர்த்தப்படுகின்றது. அத்துடன் உரையாடல் முடிந்து போகின்றது. இக்கட்டுரை அந்தக் கேடயத்துக்கு எதிரானது.

விருப்பங்களைப் பகிர்ந்துகொள்வதை நான் எதிர்க்கவில்லை. அவை பகிரப்படுவதில்லை என்பதே எனது முறைப்பாடு. சோற்றைப் பகிர்பவன் சோற்றைத்தான் கொடுக்கிறான். தான் உண்ட கறிகளின் பெயர்களைச் சொல்லிவிட்டு எழுந்து போவதில்லை. நமது பட்டியற்காரரோ பெயர்களை மட்டுமே தருகின்றனர். அப்பெயர்கள் பார்த்தவற்றின் குறிப்பாகவன்றி, சொல்பவரின் தகுதிச் சான்றிதழாகவே நிற்கின்றன.

இவ்விரசனை உண்மையில் ‘அவரவர்க்குரியது’தானா என்பதையும் நோக்குதல் வேண்டும். தற்செயலாக அமைந்த தனிமனித விருப்பங்களாயின், நூறு அறைகளின் பட்டியல்கள் நூறு விதமாக இருந்திருக்க வேண்டும். அவையோ ஒன்றையொன்று பிரதி செய்தவை போலிருக்கின்றன. மூலப்பிரதி எங்கிருந்து வந்தது என்பதும் இரகசியமன்று. பிரித்தானியாவின் ‘சைற் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை 1952 முதல் பத்தாண்டுக்கொரு முறை விமர்சகரிடம் வாக்குப் பெற்று உலகின் சிறந்த திரைப்படங்களை அறிவித்து வருகின்றது. 1952இலே முதலிடம் பெற்றது டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’. ஓர்சன் வெல்ஸின் ‘சிற்றிசன் கேன்’ அவ்வாண்டு முதற் பத்துள் இடம்பெறவே இல்லை. 1962இலே அது முதலிடத்தைப் பிடித்து, 2002 வரை நடைபெற்ற ஐந்து வாக்கெடுப்புகளிலும் அவ்விடத்தில் இருந்தது. 2012இலே ஹிட்ச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’ அதனைக் கீழிறக்கியது. 2022இலே ஷான்ரால் அக்கர்மன் என்ற பெண் நெறியாளர் 1975இல் எடுத்த ‘ஷான் டீல்மான்’ முதலிடம் பெற்றது. விதவையொருத்தி உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகக் காட்டும் படம் அது.

எழுபது ஆண்டுகளில் அப்படங்களின் சுருளிலே ஒரு சட்டகமேனும் மாறியதில்லை. மாறியோர் வாக்களித்தோர். 1952இலே வாக்களித்தோர் 63 பேர். 2022இலே 1,600க்கும் மேற்பட்டோர். எண்ணிக்கை பெருகியபோது அதனுள்ளே பெண்களும் மேற்குக்கு வெளியே வாழ்வோரும் முன்னரிலும் கூடுதலாக வந்தனர். ஒரு பெண்ணின் அடுக்களை உலகப் பெருங்கலையாகத் தெரியலாயிற்று. இசைத்தட்டுகளின் கதையும் இதுவே. ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகையின் 500 இசைத்தட்டுப் பட்டியலில் 2003இலே பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ முதலாவதாக நின்றது. 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24ஆம் இடத்துக்கு இறங்க, றொக் இசைஞரே அல்லாத மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டு முதலிடத்துக்கு வந்தது. இரசனைக்கு வரலாறு உண்டு, வர்க்கம் உண்டு, வாக்காளர் இடாப்பும் உண்டு. இவை அனைத்தும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, ‘இது என் சொந்த விவகாரம்’ என்று கதவைச் சாத்துவது எவ்வகை நியாயம்?

பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் எனது கணக்கையும் காட்ட வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், விடுதி மாணவனாயிருந்த நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதன் தலையிலே தார்க்கோவ்ஸ்கியின் ‘கண்ணாடி’ இருந்தது. மங்கலான இறுவட்டுப் பிரதியொன்றிலே அப்படத்தின் முதல் அரை மணி நேரத்தைப் பார்த்து உறங்கிப் போனவன் நான். அதனை எவருக்கும் சொல்லவில்லை. எங்கள் அறைக்கு முதலாம் வருட மாணவனொருவன் வருவான். வன்னிக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். அவனுக்குப் பிடித்த படம் எதுவென்று ஒரு நாள் கேட்டோம். அக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்த சாதாரணத் தமிழ்ப் படமொன்றின் பெயரைச் சொன்னான். நாங்கள் சிரித்தோம். நான்தான் முதலிற் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதன்பின் ஒரு மாலை ‘சைக்கிள் திருடர்கள்’ திரையிடப்பட்டது. வேலைக்குச் சைக்கிள் அவசியம். சைக்கிளோ அடகிற் கிடக்கிறது. அதனை மீட்பதற்காக மனைவி கட்டில் விரிப்புகளை அவிழ்த்து அடகுக் கடைக்குக் கொண்டு செல்கிறாள். கடைச் சிப்பந்தி அம்மூட்டையைத் தூக்கிக்கொண்டு உயரமான தட்டுகளின் மேல் ஏறுகிறான். ஏற ஏற, கூரைவரை அடுக்கப்பட்ட மூட்டைகள் தெரிகின்றன. படம் முடிந்ததும் நாங்கள் இத்தாலிய நவயதார்த்தவாதம் பற்றியும், கதாநாயகனாக நடித்த மஜொரானி உண்மையிலே ஓர் ஆலைத் தொழிலாளி என்பது பற்றியும் பேசினோம். எல்லாம் புத்தகத்தில் வாசித்தவை. அம்மாணவன் மட்டும், “அண்ணை, அந்தத் தட்டிலை கிடந்தது முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சீலையெல்லோ” என்றான். தன் தாயின் தோடு வங்கியிலே கடித உறையொன்றில் இலக்கமிட்டு வைக்கப்பட்டிருந்ததையும், அலுமாரி திறந்தபோது அதுபோன்ற உறைகள் நிறைய இருந்ததைத் தான் சிறுவனாய்க் கண்டதையும் சொன்னான். ஒரு குடும்பத்தின் துயரத்தைக் காட்டிக்கொண்டிருந்த படம் அந்த ஒரு காட்சியிலே ஒரு நகரத்தின் துயரத்தைக் காட்டிவிடுகின்றது. அதற்கு ஒரு சொல்லேனும் செலவிடப்படவில்லை. டி சிக்காவின் கலை அங்கேதான் இருக்கின்றது. எங்களுள் அதைக் கண்டவன் பட்டியல் இல்லாதவன். ஆயினும் அன்றும் எங்களிலொருவர் அவனை இடைமறித்து, அந்நெறியாளரின் பிற படங்களை அவன் பார்த்திருக்கிறானா என்று கேட்டார். அவன் பார்த்திருக்கவில்லை. அடுத்த திரையிடல்களுக்கு அவன் வரவுமில்லை.

‘கண்ணாடி’யை முழுமையாகப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து. திக்குவாய் கொண்ட இளைஞன் ஒருவன் சிகிச்சையினால் உரத்துப் பேசத் தொடங்கும் காட்சியோடு அப்படம் ஆரம்பிக்கின்றது. உறங்குமுன் அதனையும் பார்த்துத்தான் இருந்தேன், பார்த்ததாக நினைவில்லை.

பட்டியல் விமர்சனம் தமிழுக்குப் புதிதன்று. இலக்கியத்திலே க. நா. சுப்பிரமணியம் தரமான எழுத்தாளர் இன்னின்னார் என இரசனையை ஆதாரமாகக் கொண்டு பட்டியலிட்டதும், ‘திறனாய்வுப் பிரச்சினைகள்’ என்ற நூலிலே கைலாசபதி அவரையும் அவர் குழுவினரையும் கடுமையாக விசாரணை செய்ததும் நம்மவர் அறிந்தவையே. கைலாசபதியின் தாக்குதலிலே கடுமை சற்று மிகையென்பது எனது எண்ணம். க. நா. சு. தாம் விரும்பியவற்றுக்காக உழைத்தவர். ஹாம்சனைத் தமிழிலே ‘நிலவள’மாக மொழிபெயர்த்துத் தந்தவர். அவருடைய பட்டியலின் பின்னே வாசிப்பு இருந்தது. நமது பட்டியல்களின் பின்னே என்ன இருக்கின்றது? ஆயினும் கைலாசபதியின் அடிப்படைக் கேள்வி செல்லுபடியாகின்றது: காரணம் கூறாத தீர்ப்பு, தீர்ப்பளிப்பவரின் அதிகாரத்தைத் தவிர வேறெதன்மீது நிற்கின்றது?

காரணம் கூறுதல் இன்பத்தைக் கொன்றுவிடும் என்பர் சிலர். பிங்க் புளொயிட் குழுவினரின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டிலே பணத்தைப் பற்றிய பாட்டொன்று உண்டு. நாணயங்கள் விழும் ஓசை, காசுப்பெட்டியின் ஓசை ஆகியவற்றை ஒலிநாடாவிலே வெட்டி ஒட்டி, அவ்வோசைகளையே தாளமாக்கித் தொடங்குகின்றனர். அத்தாளம் ஏழு எண்ணிக்கை கொண்டது. நாலுக்குப் பழகிய மேலைத்தேய நடனக்காரனின் கால் அங்கே தடுக்கும். மிருதங்கம் பயின்ற நமது மாணவருக்கோ மிசிரசாபு காரணமாக ஏழு என்பது வீட்டுச் சாமான். அவ்வேழு இங்கே எப்படிப் பிரிகின்றது, கிற்றார் தனித்து வாசிக்கும் பகுதியிலே தாளம் நாலுக்கு மாறும்போது பாட்டு ஏன் திடீரென்று கட்டவிழ்ந்து ஓடுவது போலத் தோன்றுகின்றது என்பவற்றை இலண்டன் விமர்சகரிலும் நன்றாக நம்மவரொருவர் விளக்கலாம். விளக்கத்தைக் கேட்டபின் அப்பாட்டைக் கேட்பவரின் இன்பம் குறையுமா? இவ்விசைத்தட்டின் பெயரை எத்தனையோ பட்டியல்களிலே கண்டிருக்கிறேன். ஏழு என்ற சொல்லை ஒருவரிடமும் கேட்டதில்லை.

இரு பட்டியல்களிலும் இடம்பெறுவோர் தமக்குள் சந்தித்ததும் உண்டு. 1968 யூன் மாதம் கொடார்ட் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றிலே றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரைப் படம்பிடித்தார். சாத்தானின் வாயிலாகப் பாடப்படும் அவர்களுடைய புகழ்பெற்ற பாடல் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. பாடல் மந்தமாகத் தொடங்குகின்றது. வாத்தியங்கள் இடம் மாறுகின்றன. தாளம் இலத்தீன் அமெரிக்கச் சாயல் கொள்கின்றது. பிறையன் ஜோன்ஸ் தன் தடுப்புக்குள்ளே ஒதுங்கிப் போகிறார். மீண்டும் மீண்டும் அதே பாடல்; முழுமையாக ஒரு முறையும் இல்லை. கொடார்ட்டுக்கு வேண்டியது உழைப்பின் தோற்றம். தயாரிப்பாளர் தரப்போ, இரசிகர் ஏமாறுவரென அஞ்சி, முடிவிலே நிறைவுற்ற பாடலைச் சேர்த்துவிட்டது. அவ்வாண்டு இலண்டன் திரைப்பட விழாவிலே கொடார்ட் தயாரிப்பாளரின் முகத்திலே குத்தினார் என்பது வரலாறு. குத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிறைவுற்ற பொருளை மட்டும் கேட்கும் சந்தைக்கும், பெயரை மட்டும் கேட்கும் நமது விடுதிச் சுவருக்கும் இடையிலான உறவு கவனிக்கத்தக்கது. வாங்கியாயிற்றா என்பதே இரண்டினதும் கேள்வி.

இவ்விடத்து, இவையெல்லாம் அந்நிய மோகம், நமக்கெதற்கு என்று கேட்கும் அன்பர்களும் உளர். அவர்களுடைய கரகோஷம் எனக்கு வேண்டாம். இத்தாலிய அடகுக் கடை வன்னி மாணவனுக்கு அந்நியமாக இருக்கவில்லை. ஆயினும் பட்டியற்காரரிடம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். தர்மசேன பத்திராஜ 1970களிலே யாழ்ப்பாண மண்ணிலே ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். சீதனமும் சாதியும் ஒரு வீட்டை எவ்வாறு உள்ளிருந்து அரிக்கின்றன என்பதை ஒரு சிங்கள நெறியாளர் நம்மிடம் வந்து பார்த்துச் சொன்ன படம் அது. குறைகளும் அதில் உண்டு. ஓசுவின் அசையாக் கமெராவையும் மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டின் மௌனத்தையும் வியந்து பேசும் நண்பர்கள் எத்தனைபேர் இப்படத்தைப் பார்த்திருக்கின்றனர்? பட்டியலிலே சேர்க்கும்படி கேட்கவில்லை. பார்த்துவிட்டு, இது ஓசு அளவுக்கு இல்லையென்று காரணத்தோடு சொல்லட்டும். அதுவே பத்திராஜவுக்குச் செய்யும் மரியாதையாகும். பிறர் தரம் பிரித்துக் கொடுத்ததை மட்டும் பார்ப்பதென்றால், அங்கே ‘தனிப்பட்டது’ எங்கே இருக்கின்றது?

திரைப்பட வட்டத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வருடம் ‘சிறந்த பத்து’ அறிவித்தலை ஒட்டாது விடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அரை மணி நேரம் கதவைத் திறவாதிருங்கள். படம் பிடிக்காதவர் முதலிற் பேசட்டும். பிடித்தவர் பதில் சொல்லட்டும். நெறியாளரின் பிற படங்களைப் பற்றி எவரும் எவரிடமும் கேட்க வேண்டாம். முதலாம் வருடத்தினர் பின்வரிசையிலேதான் அமர்வர். அவர்களுடைய குரல் மேடைவரை எட்டாது. ஆதலால் கேட்பவர்கள் எழுந்து அங்கே போகவேண்டியிருக்கும்.